தூரத்துக் குறி: றைபிள் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சுவிசில் இருக்கும் மச்சான் வார இறுதியில் 300 மீற்றர் தளத்தில் சுட்டுப் பழகுவதாகச் சொல்கிறான். பாடசாலையில் மாணவர் படையணியில் சேர்ந்த தங்கச்சி முதன்முறை றைபிளைத் தோளில் வைத்துவிட்டு வந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறாள். ஒலிம்பிக் போட்டியைக் கைத்தொலைபேசியில் பார்த்த பெடியன் ஒருவன், "அண்ணை, அந்தச் சின்னப் பொட்டை எப்பிடி அடிக்கிறாங்கள்?" என்கிறான். இதற்கெல்லாம் பதில் சொல்ல வன்னியில் ஆள் குறைவு. துவக்கு என்று தொடங்கினாலே பேச்சை மாற்றிவிடுகிற வீடுகள் இங்கே நிறைய. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளை மதித்துக்கொண்டே, கடதாசி இலக்கைச் சுடும் விளையாட்டாக மட்டும் இதைப் பழக விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்குகிற எல்லோருக்கும் நடுப்புள்ளியை அடிக்கத்தான் ஆசை. அந்த ஆசையைக் கொஞ்சக் காலம் ஒரு பக்கம் வையுங்கள். முதலில் பழக வேண்டியது பத்துச் சூட்டையும் ஒரே இடத்தில் விழச் செய்வது. நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, ஒன்றாக விழ வேண்டும். நெருக்கமாக விழுந்த கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது குறியில் உள்ள திருகாணியின் வேலை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சிதறி விழும் சூட்டை எந்தத் திருகாணியாலும் சேர்க்க முடியாது. தூரம் கூடக் கூட இது இன்னும் வெளிப்படும். 10 மீற்றரில் 1 மில்லிமீற்றர் விலகிய அதே கோணம் 300 மீற்றரில் 3 சென்ரிமீற்றர் விலகலாகிவிடும்.

முதலில் சட்டம், பாதுகாப்பு

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கைத் தொடவும் வேண்டாம், "ஒருக்கா பிடிச்சுப் பாரன்" என்று யாராவது நீட்டினால் வாங்கவும் வேண்டாம். காற்றுத்துவக்குத்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். வாங்குவதற்கு முதல் பொலிஸ் நிலையத்தில் கேட்டு, எழுத்தில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழகுவது அங்கீகாரம் பெற்ற தளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க மட்டுமே.

வயல்வெளி சுடுதளம் ஆகாது, காடும் ஆகாது. சின்னது என்று எல்லோரும் நினைக்கிற .22 (0.22 அங்குல) ரவையின் சன்னம்கூட ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடியது. அந்தத் தூரத்துக்குள் மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், தேன் எடுக்கப் போனவர் என்று யாரும் இருக்கலாம். குளத்தைப் பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லை என்பது அதைவிட மோசமான எண்ணம்: தாழ்வாக வந்து தண்ணீரில் படும் சன்னம் தெறித்து வேறு திசையில் கிளம்பும். மிதிவெடி அபாயப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இலக்குக்குப் பின்னால் சன்னத்தைத் தாங்கும் மண் அணை இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே எண்ணுங்கள். குழல் வாய் இலக்குப் பக்கம் மட்டும் பார்க்கட்டும். குறி பார்த்து முடியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுடுங்கள். தளத்தில் யாராவது "நிறுத்து" என்றால், சொன்னது யார் என்று பார்க்காமல் நிறுத்துங்கள். காதடைப்பானும் கண்ணாடியும் கட்டாயம். சுட்டு முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள், குழந்தையைத் தூக்குங்கள். சன்னத்தில் இருப்பது ஈயம்.

எந்தத் தூரத்தில் தொடங்குவது

10 மீற்றரில். 300 மீற்றர் சுட ஆசைப்படுகிறவரும் இங்கேதான் தொடங்க வேண்டும். கரப்பந்தாட்ட மைதானத்தில் வலையிலிருந்து பின்கோடு வரை 9 மீற்றர். அதற்கு ஒரு எட்டுக் கூட. இவ்வளவு கிட்டவா என்று நினைக்கலாம். ஆனால் சர்வதேசப் போட்டியில் இந்தத் தூரத்துக்கான இலக்கில் 10 புள்ளி தரும் பொட்டு அரை மில்லிமீற்றர்தான். சன்னத்தின் விட்டமோ 4.5 மில்லிமீற்றர். 50 மீற்றர் .22 போட்டியில் அந்தப் பொட்டு 10.4 மில்லிமீற்றர். 300 மீற்றரில் 10 சென்ரிமீற்றர். பொட்டு பெரிதாகிக்கொண்டு போகிறது, ஆனால் இடையில் காற்று வந்து நுழைகிறது. 10 மீற்றர் போட்டி மண்டபத்துக்குள் நடப்பதால் காற்றைக் குறை சொல்ல முடியாது. வந்த பிழை எல்லாம் உங்களுடையது. பழகுவதற்கு இதைவிட நேர்மையான இடம் இல்லை.

கூட்டம் ஒடுங்கிய பிறகு 50 மீற்றர், அதிலும் காற்றை ஓரளவு பிடிபட்ட பிறகு 100, 300 என்று போகலாம். இந்த வரிசையைத் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து 10 மீற்றரில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கண்ணும் உடம்பும்

உங்கள் முதன்மைக் கண் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் தூரத்தில் ஒரு பனையின் தலையைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பனை மறையாமல் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் முதன்மையாக இருப்பதும் உண்டு. அப்படியானால் தொடக்கத்திலேயே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது கரைச்சல். மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம், முகத் தசை களைத்துப்போகும். வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றால் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள்.

நிலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: துவக்கின் பாரத்தை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. தசை களைக்கும், நடுங்கும். எலும்பு களைக்காது. நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்க, முன்கை நேராக மேலே எழுந்து துவக்கைத் தாங்கட்டும். முதுகு சற்றே பின்னால் சாயும், அது பிழையல்ல. படுத்துச் சுடும்போது கையில் சுற்றிய வார்தான் பாரத்தைத் தாங்கும், இடது கை சும்மா இருக்கும். பிடங்கு, அதாவது துவக்கின் பின்கட்டை, தோளில் ஒவ்வொரு முறையும் அதே குழிக்குள் போக வேண்டும், கன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படிய வேண்டும். கன்னம் ஒரு நூல் இடம்மாறினாலும் கண் குறியைப் பார்க்கும் கோணம் மாறிவிடும்.

இனிச் சொல்வதைப் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தவற விடுகிறார்கள். நிலை எடுத்து, குறி பார்த்து, கண்ணை மூடுங்கள். இரண்டு தடவை மூச்செடுத்து உடம்பைத் தளர விடுங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். குறி இலக்கிலேயே நிற்கிறதா? பெரும்பாலும் நிற்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கம்தான் உங்கள் உடம்பு தானாகப் பார்க்கும் திசை. கையால் துவக்கை இழுத்து இலக்குக்குக் கொண்டுவந்தால், விசை இழுபடும் கணத்தில் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், சூடும் அந்தப் பக்கம் போகும். ஆகவே கையை விடுங்கள், பாதத்தை நகர்த்துங்கள். நின்று சுடும்போது பாதம். படுத்துச் சுடும்போது இடது முழங்கையை ஆணியாக வைத்து முழு உடம்பும். திரும்பக் கண்ணை மூடிப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி இலக்கில் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பத்துச் சூட்டுக்கும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

இந்த விளையாட்டுக்கு உடம்புப் பலம் பெரிதாக வேண்டாம். 1976இல் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட காலத்தில், மார்கரெட் மர்டொக் என்ற அமெரிக்கப் பெண் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் (முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) முதலிடக்காரரின் அதே புள்ளியைப் பெற்று வெள்ளி வென்றார். இலங்கையிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீற்றர் காற்றுத்துவக்குப் போட்டிக்குப் போனவரும் தெஹானி எகொடவெல என்ற பெண். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் எடுத்தார்.

இன்னும் ஒன்றை எங்கள் மண்ணில் சொல்லாமல் போக முடியாது. காலை இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கையில் பலம் குறைந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்கள் முழுமையாகப் போட்டியிடக்கூடிய விளையாட்டு இது. பாராலிம்பிக்கில் துவக்கின் பாரத்தைத் தாமே தாங்கக்கூடியவர்களுக்கு ஒரு பிரிவும், தாங்க முடியாதவர்களுக்கு வில்சுருள் தாங்கியுடன் இன்னொரு பிரிவும் உண்டு. இந்தியாவின் அவனி லேகரா 2012இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர். டோக்கியோவிலும் பாரிசிலும் இரண்டு முறை தங்கம் வென்றார். எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த வழி திறக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

மூச்சு, விசை, அதற்குப் பிறகு

மூச்சை அடக்கிக்கொண்டு சுடச் சொல்வார்கள். பாதிதான் சரி. நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் உடம்பு இறுகும். சாதாரணமாக மூச்சை விடுங்கள். விட்டு முடிந்து அடுத்ததை இழுக்குமுன் இயல்பாகவே ஒரு சின்ன இடைவேளை வரும். அதைக் கொஞ்சம் நீட்டி அதற்குள் சுட வேண்டும். ஐந்து முதல் எட்டுச் செக்கன் போதும். பத்துச் செக்கனைத் தாண்டினால் கண் மங்கத் தொடங்கும், கை நடுங்கும், மனம் அவசரப்படும். அப்போது துவக்கை இறக்கிவிடுங்கள். சுடாமல் இறக்கப் பழகியவர்தான் நல்ல சுடுநர் ஆகிறார். இறக்கியதற்குப் புள்ளி குறையாது, அவசரப்பட்டுச் சுட்டதற்குக் குறையும்.

விசையை விரல் நுனிச் சதையின் நடுப்பகுதியால் நேரே பின்னோக்கி அழுத்துங்கள். விரலின் மற்றப் பகுதி துவக்கில் உரசக் கூடாது, உரசினால் சூடு பக்கவாட்டில் போகும். குறி பொட்டைக் கடக்கும் கணத்தைப் பிடித்து "இப்ப!" என்று இழுக்கிற பழக்கம் எல்லோருக்கும் வரும். குறி அசையாமல் நிற்கவே நிற்காது, உலக வீரருக்கும் நிற்காது. அது பொட்டைச் சுற்றி மெல்ல அலையும். அலைய விடுங்கள். விரல் அழுத்தத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போக, சூடு எந்தக் கணத்தில் கிளம்பும் என்று உங்களுக்கே தெரியாமல் கிளம்ப வேண்டும். அப்போதுதான் உடம்பு முன்கூட்டி வெட்டி இழுக்காது.

சூடு கிளம்பியதும் வேலை முடியவில்லை. போட்டிக் காற்றுத்துவக்கின் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில்தான் போகிறது. குழலை விட்டு வெளியேறவே நேரம் எடுக்கும். அதற்குள் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்த்தால் குழலும் சேர்ந்து அசைந்துவிடும். ஆகவே சூடு போன பிறகும் இரண்டு செக்கன் அப்படியே நில்லுங்கள்: கன்னம் படிந்தபடி, கண் குறியில், விரல் பின்னால் அழுத்தியபடி. பார்ப்பதற்கு முன்பே, "இது கொஞ்சம் வலது மேல போயிருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு இலக்கைப் பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒன்றாக வரத் தொடங்கினால் நீங்கள் முன்னேறுகிறீர்கள். சொன்னது ஒன்று, விழுந்தது வேறு என்றால் துவக்கிலோ குறியிலோ காற்றிலோ ஏதோ இருக்கிறது.

வில்சுருள் காற்றுத்துவக்கு வைத்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் சன்னம் குழலுக்குள் இருக்கும்போதே உள்ளே உந்துதண்டு ஓடி முன்னும் பின்னும் உதைக்கும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக உதைக்கும். உள்ளங்கையில் மெத்தென்று கிடக்க விடுங்கள், பிடங்கைத் தோளில் மெல்லத் தொடவையுங்கள். சுவரிலோ கல்லிலோ நேரே சாய்த்துச் சுட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் பிள்ளைக்குத் தளத்தில் கிடைக்கும் நேரம் கொஞ்சம். நல்ல செய்தி என்னவென்றால், துல்லியத்தின் பெரும்பகுதி ரவை இல்லாமலே வளரும். உலகின் பெரிய வீரர்களும் வெறும் துவக்கில் விசை அழுத்திப் பழகுவதற்கு நிறைய நேரம் செலவிடுகிறார்கள். தளத்தில் பயிற்றுநர் அனுமதித்தால் அதைக் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் எல்லாத் துவக்கும் அதற்கு ஏற்றதல்ல. வில்சுருள் காற்றுத்துவக்கை வெறுமையாகச் சுட்டால் உள்ளே உடையும்; .22 துவக்கில் பல வகைகளில் ஊசி வெறும் விளிம்பில் மோதிப் பழுதாகும். போட்டிக் காற்றுத்துவக்குகளில் இதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது.

துவக்கே இல்லாமலும் பழகலாம். நாலு கிலோ அளவு பாரமான தடி ஒன்றை எடுத்து, நிற்கும் நிலையில் தாங்கிப் பழகுங்கள். சுவரில் ஒரு பொட்டு, அதை நோக்கித் தடியின் முனை. மூச்சை விட்டு, எட்டுச் செக்கன் நின்று, இறக்கி, அரை நிமிடம் ஆறி, திரும்ப. கால் மணி நேரம் தாராளம். அறைக்குள் செய்யுங்கள், வீதியில் தெரியும்படி செய்ய வேண்டாம். அயலாருக்குப் பயம் வரும், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு காலில் கண்ணை மூடி நிற்பது, முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சி, நடை, இவை எல்லாம் பிரயோசனம். போட்டிக்கு முதல் கடும் பிளேன்ரீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சுத் துடிப்பு குறியில் தெரியும்.

கூட்டத்தை வாசித்தல்

மூன்று சூட்டை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மூன்று சூடு தற்செயலாக ஒன்றாக விழலாம், அது உங்களை ஏமாற்றிவிடும். குறைந்தது ஐந்து, முடிந்தால் பத்து. இடையில் குறியைத் திருக வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் திருகுபவர் தன் கை நடுக்கத்தைத் துரத்திக்கொண்டே இருப்பார்.

பத்தும் விழுந்த கடதாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டு கிடந்தால் மூச்சு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது, அல்லது கன்னம் ஏறி இறங்குகிறது. இடமும் வலமுமாக நீண்டால் விசை விரல், இல்லையேல் உடம்பின் திசை. வெளித்தளம் என்றால் காற்று. எட்டு ஒன்றாகவும் இரண்டு தனியாகவும் கிடந்தால் அந்த இரண்டும் போகும்போது நீங்கள் வாயால் என்ன சொன்னீர்கள் என்று யோசியுங்கள். மூலைவிட்டமாகச் சரிந்து கிடந்தால் துவக்கு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்த துவக்கு வலமும் கீழுமாகச் சுடும். கிட்டத்தில் தெரியாத இந்தச் சாய்வு தூரத்தில் நன்றாகத் தெரியும்.

ஒரே பெட்டி ரவையையே பாவியுங்கள். ஒரே நிறுவனத்தின் ரவைகூடத் தொகுதிக்குத் தொகுதி வேறாக விழும். துடைத்த குழலில் முதல் சில சூடு எங்கேயாவது போகும், அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவருதல்

இப்போதுதான் திருகாணி. ஸ்கோப்பில் (துவக்கின் மேல் பூட்டும் தூரநோக்கிக் குறி) ஒரு சொடுக்கு எவ்வளவு நகர்த்தும் என்று அதன் குமிழிலேயே எழுதியிருக்கும். 0.1 மில்லிரேடியன் என்றிருந்தால் 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர், 50 மீற்றரில் அரைச் சென்ரிமீற்றர். 50 மீற்றரில் உங்கள் கூட்டத்தின் நடு, பொட்டுக்கு 3 சென்ரிமீற்றர் இடத்திலும் 2 சென்ரிமீற்றர் கீழேயும் இருக்கிறது என்று வையுங்கள். வலப்பக்கம் 6 சொடுக்கு, மேலே 4 சொடுக்கு. திரும்ப ஐந்து சுட்டுச் சரிபாருங்கள். கூட்டத்தின் நடுவைத்தான் அளக்க வேண்டும், மிகத் தள்ளிப்போன ஓட்டையை அல்ல.

ஸ்கோப்பில் குறி வைத்தபடி தலையை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். இலக்கின்மேல் குறுக்குக்கோடு நகர்ந்தால் ஸ்கோப்பின் குவியம் அந்தத் தூரத்துக்குச் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் சொடுக்கு எண்ணிப் பிரயோசனம் இல்லை. ஸ்கோப் இல்லாமல் துளைக்குறியால் சுடுபவர்கள் முன் குறியைத் தெளிவாகப் பாருங்கள், இலக்கு மங்கலாகத் தெரியட்டும்.

சன்னம் குழலை விட்ட கணத்திலிருந்தே விழத் தொடங்குகிறது. 50 மீற்றருக்குச் சரிசெய்த .22 துவக்கு 100 மீற்றரில் ஒரு சாணுக்குக் கிட்டக் கீழே சுடும். ஆகவே ஒவ்வொரு தூரத்துக்கும் எத்தனை சொடுக்கு என்று நீங்களே சுட்டு எழுதிவைத்த அட்டவணை வேண்டும். மற்றவருடைய அட்டவணை உங்கள் துவக்குக்குப் பொருந்தாது. வெக்கையும் இதில் சேரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, சன்னத்தைக் குறைவாகவே தடுக்கும். வெயிலில் கிடந்து சூடேறிய ரவை வேகமாகவும் போகும். மச்சான் சுவிஸ் குளிரில் எடுத்த கணக்கு ஓமந்தை மத்தியான வெயிலுக்கு உதவாது. ரவைப் பெட்டியை நிழலில் வையுங்கள்.

காற்றும் கானலும்

தூரச் சூட்டின் உண்மையான படிப்பு இங்கேதான் தொடங்குகிறது. இதில் வன்னிப் பிள்ளைக்கு ஒரு முதுசம் இருக்கிறது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை அடிக்கும் சோளகம் எது, மாரியில் வரும் வாடை எது, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான் என்று தோலாலேயே தெரிந்து வளர்கிறோம். அப்பு தூற்றுவதற்குக் காற்றைப் பார்த்து நின்ற அதே கவனம்தான் வேண்டும்.

காற்றின் பக்கம் முதலில். உங்களை மணிக்கூட்டின் நடுவாக, இலக்கை 12 மணியாக வையுங்கள். 3 மணி, 9 மணித் திசையிலிருந்து வரும் காற்று முழுப் பலத்தோடு சன்னத்தைத் தள்ளும். 1 மணித் திசைக் காற்று பாதிப் பலத்தோடு. நேர் முன்னும் பின்னும் வருவது பக்கவாட்டில் தள்ளாது. வடக்கு நோக்கிச் சுடும் தளத்தில் நிற்கிறீர்கள், சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது என்றால் அது இடப் பின்பக்கத்திலிருந்து, ஏழரை மணியிலிருந்து வருகிறது. அதன் பலத்தில் ஏறத்தாழ 70 வீதம் சன்னத்தை வலப்பக்கம் தள்ளும்.

அடுத்தது வேகம். முகத்தில் காற்றுப் படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் செக்கனுக்கு 2 முதல் 3 மீற்றர். இலையும் சுள்ளியும் ஓயாமல் அசைந்து, சின்னக் கொடி விரிந்து நின்றால் 4 முதல் 5. செம்மண் புழுதி கிளம்பி, கடதாசி பறந்தால் 6க்கு மேல். செக்கனுக்கு நாலரை மீற்றர் குறுக்குக் காற்று 50 மீற்றரில் .22 சன்னத்தை இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவு தள்ளும். 100 மீற்றரில் அது 10 சென்ரிமீற்றரைத் தொடும். தூரம் இரட்டித்தால் தள்ளல் ஏறத்தாழ நாலு மடங்கு. 300 மீற்றர் றைபிள் சன்னம் வேகமாகப் போனாலும் இதே காற்றில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் விலகக்கூடும். பத்துப் புள்ளிப் பொட்டின் விட்டமே 10 சென்ரிமீற்றர்தான்.

இதைத் துவக்கே இல்லாமல் பழகலாம். பின்னேரம் இரணைமடுக் கட்டிலோ உங்கள் ஊர்க் குளக்கட்டிலோ போய் இருங்கள். மூன்று இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்: காலடியில் புல், நடுவில் ஒரு பற்றை, தூரத்தில் ஒரு பனை. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் அசைவது அரிது. புல் அசையாமல் நிற்க, பனையோலை சடசடக்கும். சற்று நேரத்தில் மாறி நடக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். கொஞ்ச நாளில் காற்றுக்கு ஒரு தாளம் இருப்பது பிடிபடும்: ஏறும், நிற்கும், தணியும், திரும்ப ஏறும். நல்ல சுடுநர் ஒவ்வொரு காற்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. அடிக்கடி திரும்பி வருகிற ஒரு நிலையைத் தெரிவுசெய்து, அதற்குக் குறியைச் சரிசெய்து, அந்த நிலை வரும்வரை காத்திருந்து சுடுகிறார். மற்ற நேரம் துவக்கை இறக்கி வைத்திருக்கிறார். மூன்றில் எதை அதிகம் நம்புவது என்றால் உங்களுக்குக் கிட்ட வீசுகிற காற்றை அலட்சியம் செய்ய வேண்டாம் என்பேன். ஆரம்பத்தில் திரும்பிய கோணம் மிச்சத் தூரம் முழுவதும் கூடவே போகும்.

கானல் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஏ9 வீதியில் மத்தியானம் தார் உருகித் தண்ணீர்போலத் தெரிகிற அதே கானல்தான் தளத்திலும் இலக்கை ஆட்டுகிறது. அது தொல்லையும், அதேநேரம் காற்றுமானியும். தூரநோக்கியின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் வைத்தால் கானல் ஓடுவது தெரியும். இடமிருந்து வலம் ஓடினால் காற்று இடமிருந்து வருகிறது. நேரே மேலே கொதித்து எழுந்தால் காற்று இல்லை, அல்லது நேர் முன்னாலோ பின்னாலோ வருகிறது. கொதிக்கும் நேரத்தில் சுட வேண்டாம். எந்தக் கணமும் ஒரு பக்கம் திரும்பும். கானல் ஓடும் பக்கமாக இலக்கின் உருவமும் கொஞ்சம் இடம்பெயர்ந்தே தெரியும். தொடக்கத்தில் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் பயிற்சியை முடியுங்கள், கண்ணுக்கும் நல்லது. நிறையச் சுட்டுக் குழல் சூடானால் குழலிலிருந்தே கானல் எழுந்து ஸ்கோப்புக்கு முன்னால் ஆடும். ஆற விடுங்கள்.

கொப்பியும் முதல் போட்டியும்

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம்: திகதி, நேரம், தூரம், ரவைத் தொகுதி, வெக்கை, காற்றின் பக்கமும் வேகமும், சொடுக்கு, கூட்டத்தின் படம், நீங்கள் வாயால் சொன்னது. கடைசியாக ஒரு வரி, இன்று எது நன்றாக வந்தது என்று. பிழையை மட்டும் எழுதுகிற கொப்பியைக் கொஞ்ச நாளில் திறக்கவே மனம் வராது.

போட்டிக்குப் போகும்போது புதிய சப்பாத்து, புதிய ரவை, புதிய நிலை எதுவும் வேண்டாம். பக்கத்து ஆளின் புள்ளியைப் பார்க்க வேண்டாம். சுடுமுன் செய்யும் சின்னச் சின்ன வேலைகளை ஒரே ஒழுங்கில் செய்யுங்கள்: பாதம், பிடங்கு, கன்னம், மூச்சு, குறி, விசை. அந்த ஒழுங்கில் கன்னத்துக்கு முன்பு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மத்தியூ எம்மன்ஸ் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் கடைசிச் சூட்டுக்கு முன் முதலிடத்தில் இருந்தார். சாதாரணமான ஒரு சூடு விழுந்திருந்தாலே தங்கம் அவருக்கு. சுட்டார், ஆனால் பக்கத்து வீரரின் இலக்கில். அந்தச் சூட்டுக்குப் புள்ளி கிடைக்கவில்லை, எட்டாம் இடத்துக்குப் போனார். ஆகவே உங்கள் தடத்தின் எண்ணையும் இலக்கின் மேலுள்ள எண்ணையும் ஒவ்வொரு சூட்டுக்கும் முதல் பாருங்கள், அப்புறம் கன்னத்தை வையுங்கள்.